தொண்ணூறு விழுக்காட்டுக்கு அப்பால்: சாராய ஆலைக் கழிவுநீரின் உயிரியல் சுத்திகரிப்பு

கொல்கத்தாவின் பெஹாலாப் பகுதி வீட்டுக் குழாய்களில் வரும் நீரின் பெரும்பகுதி, கார்டன் ரீச் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஹூக்ளி ஆற்றிலிருந்து எடுக்கப்படுவது. அந்த ஆற்றில் வடக்கே வெகு தொலைவில், நதியா மாவட்டத்தின் சாக்தாவுக்கு அருகில், சூர்ணி என்னும் சிற்றாறு வந்து கலக்கிறது. பத்மாவிலிருந்து பிரியும் மாத்தாபாங்கா ஆறு வங்கதேசத்தின் சுவாடாங்கா மாவட்டத்தைக் கடந்து இந்திய எல்லைக்குள் நுழைந்து, மாஜ்தியாவுக்கு அருகே பாபாகாலியில் இரண்டாகப் பிரியும்போது, ஒரு கிளை இச்சாமதி என்றும் மற்றொன்று சூர்ணி என்றும் பெயர் பெறுகின்றன. எல்லைக்கு அப்பால் தர்ஷனா என்னும் ஊரில், 1938-இல் தொடங்கப்பட்டு வங்கதேச விடுதலைக்குப் பின் அரசுடைமையான கேரு அண்ட் கம்பெனியின் சர்க்கரை ஆலையும் அதனுடன் இணைந்த சாராய வடிசாலையும் இயங்குகின்றன. ஆண்டில் சில நாட்கள் சூர்ணியின் நீர் கறுத்து, நாற்றமெடுத்து, மீன்கள் செத்து மிதப்பதற்கு அந்த ஆலையிலிருந்து வரும் கழிவே காரணம் என்பது ஹான்ஸ்காலி, ராணாகாட் பகுதி மீனவர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குற்றச்சாட்டாகும். இரு நாட்டு நதி ஆணையத்தின் பேச்சுகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது. அந்தக் கறுப்பு நீர் பெஹாலாவின் குழாய்வரை வந்து சேர்கிறது என்று இதற்குப் பொருளன்று. ஹூக்ளியின் பெருக்கில் அது கரைந்துவிடும். ஆனால் கரைக்கப் போதிய நீரில்லாத சூர்ணியின் நிலை வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதற்கு, சாராய ஆலைக் கழிவுநீர் என்பது எத்தகைய பொருள், அதை நுண்ணுயிர்கள் எதுவரை சுத்தப்படுத்தும், எந்த இடத்தில் அவை கைவிட்டுவிடும் என்பவற்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு, இனிமேல் படிகமாகாது என்னும் நிலையில் எஞ்சும் கரிய, கெட்டியான திரவமே கழிவுப்பாகு. ஆலைத் தொழிலாளர் வழக்கில் மொலாசஸ். இதை நீர் கலந்து இளக்கி, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் சர்க்கரை சாராயமாக மாறுகிறது. ஆனால் நொதித்த கலவையில் சாராயம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவிலேயே இருப்பதால், வடிகலத்தில் ஆவியாக்கிச் சாராயத்தைப் பிரித்த பின் மீதமுள்ள ஏறத்தாழ முழுத் திரவமும் கொதிக்கக் கொதிக்கக் கலத்தின் அடியிலிருந்து வெளியேறுகிறது. ஸ்பென்ட் வாஷ் என்று ஆலைகளில் அழைக்கப்படும் இந்த வடிகழிவு, ஒரு லிட்டர் சாராயத்துக்கு 8 முதல் 15 லிட்டர் வரை உண்டாகிறது. வெளிவரும்போது அதன் வெப்பம் 70 முதல் 80 பாகை செல்சியஸ், அமிலத்தன்மை மிக்கது, நிறமோ கடுங்காப்பியை ஒத்தது.

நீரின் மாசை அளக்கும் அளவுகோல்களுள் இரண்டு இங்கு இன்றியமையாதவை. நீரிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்டு செரிக்கையில் அவை எவ்வளவு உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன என்பதைக் காட்டுவது உயிர்வேதி உயிர்வளித் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. கடுமையான வேதிப்பொருளைக் கொண்டு அக்கரிமப் பொருள்கள் யாவற்றையும், நுண்ணுயிர்களால் உண்ண முடியாதவற்றையும் சேர்த்து, எரித்தால் செலவாகும் உயிர்வளியைக் காட்டுவது வேதி உயிர்வளித் தேவை, சுருக்கமாக சி.ஓ.டி. நகரச் சாக்கடை நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும்; கழிவுப்பாகிலிருந்து வரும் வடிகழிவில் அது 40,000 முதல் 60,000 வரை செல்கிறது. சி.ஓ.டி. 80,000-க்கும் 1,20,000-க்கும் இடையில் நிற்கிறது. இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும்: பி.ஓ.டி., சி.ஓ.டி.யில் பாதி என்றால், மறுபாதியை நுண்ணுயிர்கள் எளிதில் தொடுவதில்லை என்பதே அதன் பொருள். இந்த மறுபாதியே இச்சொற்பொழிவின் மையம்.

எண்ணின் கனத்தை உணர ஒரு கணக்கு போதும். நாளொன்றுக்கு 60,000 லிட்டர் சாராயம் வடிக்கும் ஒரு நடுத்தர ஆலை, லிட்டருக்கு 12 லிட்டர் என்ற அளவில், 7.2 லட்சம் லிட்டர் வடிகழிவை வெளியேற்றும். லிட்டருக்கு 50 கிராம் பி.ஓ.டி. என்று கொண்டால் நாளொன்றுக்கு 36,000 கிலோ. ஒரு மனிதர் ஒரு நாளில் சாக்கடைக்குச் சேர்க்கும் பி.ஓ.டி. ஏறத்தாழ 45 கிராம் என்று பொறியாளர்கள் கணக்கிடுவதால், இந்த ஒரே ஆலையின் கழிவு 8 லட்சம் பேர் வாழும் ஊரின் சாக்கடைக்குச் சமமாகிறது. இந்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் மிகுந்த மாசு விளைவிக்கும் 17 தொழில்வகைகளுள் ஒன்றாக வடிசாலைகளை வைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கழிவுநீரை நுண்ணுயிர்களிடம் ஒப்படைக்கும் எண்ணம் கொல்கத்தாவைச் சுற்றியுள்ள பகுதிகளுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளில், தொழிலாளர் கழிப்பறைகளின் கழிவைக் காற்றுப் புகாத தொட்டிகளில் அழுகவிட்டுத் தெளிந்த நீரை ஆற்றில் விடும் செப்டிக் தொட்டிகள் கட்டப்பட்டன. அவற்றிலிருந்து வெளியேறும் நீர் ஆற்றுக்குப் பாதுகாப்பானதா என்ற விவாதமும் உடனே எழுந்தது. வங்காளத்தில் துப்புரவு ஆணையராகப் பணியாற்றிய டபிள்யூ. டபிள்யூ. கிளெமிஷா, வெப்பமண்டலக் கழிவுநீர் அகற்றல் பற்றி 1910-இல் வெளியிட்ட நூலில் இந்த அனுபவங்களுக்குப் பெரிய இடமுண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1914-இல், மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர், கழிவுநீருக்குள் காற்றை ஊதி, அதில் வளரும் நுண்ணுயிர்க் கசடை வெளியே எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையை அறிவித்தனர். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரானார். காற்றில்லா முறை, காற்றூட்டும் முறை என்னும் இரு பாதைகளும் இவ்வாறு அடுத்தடுத்து வகுக்கப்பட்டன. உலக நகரங்கள் பெரும்பாலும் இரண்டாவதை ஏற்றன. வடிசாலைகளோ முதலாவதற்கே திரும்ப வேண்டியிருந்தது.

அதற்கான காரணம் செலவுக் கணக்கில் இருக்கிறது. காற்றூட்டும் முறையில் ஒரு கிலோ பி.ஓ.டி.யை அகற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். மேற்கண்ட ஆலைக்கு நாள்தோறும் 36,000 யூனிட். போதாததற்கு, காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்பதில் பாதியளவைத் தம் உடலாக மாற்றிக்கொள்வதால், நீரிலிருந்து நீங்கிய மாசு மலையாகக் குவியும் கசடாக மறுபிறவி எடுக்கும். காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்களோ தாம் உண்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடலாக்கிக்கொள்கின்றன; எஞ்சிய ஆற்றலை மீத்தேன் வாயுவாக வெளியே விட்டுவிடுகின்றன. காற்றுள்ள இடத்தில் ஆற்றல் செலவாகிறது. காற்றில்லாத இடத்தில் ஆற்றல் வரவாகிறது.

இந்த வேலை ஒரே உயிரினத்தால் நடப்பதன்று என்பதே அதன் வலிமையும் பலவீனமும் ஆகும். முதலில் ஒரு கூட்டம் பெரிய மூலக்கூறுகளை நீரால் பகுத்துச் சிறிய சர்க்கரைகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைக்கிறது. இன்னொரு கூட்டம் அவற்றைப் புரோப்பியானிக், பியூட்டிரிக் முதலிய எளிதில் ஆவியாகும் அமிலங்களாக்க, மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. கடைசியில் நிற்பவை மீத்தேனாக்கிகள். பாக்டீரியாக்களிலிருந்து வேறுபட்ட ஆர்க்கியா என்னும் தொல்லுயிர் வகையைச் சேர்ந்தவை. உயிர்வளி பட்டால் செயலிழப்பவை, மெதுவாகப் பெருகுபவை. அமிலம் உண்டாக்குவோர் வேகமாகவும் அதை உண்டு தீர்ப்போர் நிதானமாகவும் இயங்குவதால், கழிவை அளவுக்கு மீறி உள்ளே விட்டால் இந்த வேலை நடக்கும் தொட்டியான செரிகலத்தில் அமிலம் தேங்கி, மீத்தேனாக்கிகள் முடங்கிப் போகின்றன. செரிகலம் புளித்துவிட்டது என்று ஆலையில் சொல்லப்படுவது இதைத்தான். அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். கரும்பு அரைவைப் பருவத்தை ஒட்டி ஓடி, பின் நின்றுவிடும் ஆலைகளில் ஒவ்வொரு பருவத் தொடக்கமும் இப்படியொரு நெருக்கடியாக அமையலாம். ஆறுகள் கறுக்கும் செய்திகளில் இந்த நாட்களுக்குப் பங்கிருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

மெதுவாகப் பெருகும் உயிர்களை ஓடும் நீர் அடித்துச் செல்லாமல் கலத்துக்குள்ளேயே நிறுத்திவைப்பது எப்படி என்ற சிக்கலுக்கு, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்ஸே லெட்டிங்கா 1970-களில் ஒரு தீர்வு கண்டார். கழிவுநீரை அடியிலிருந்து மேல்நோக்கி மெதுவாகச் செலுத்தினால், நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு மணிகளாகத் திரண்டு கனத்தால் அடியிலேயே தங்க, நீரும் வாயுவும் மட்டும் மேலே சென்றுவிடும். இம்முறைக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. அது ஏழை நாடுகளுக்கும் விரைந்து பரவியதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். கங்கைத் திட்டத்தின் கீழ் கான்பூரின் ஜாஜ்மாவில் சாக்கடை நீருக்கு இம்முறை இந்தியாவில் முதலில் சோதிக்கப்பட்டது. இந்திய வடிசாலைகளிலோ, உப்பும் சல்பேட்டும் மிகுந்த கெட்டியான கழிவில் மணிகள் திரள்வது அரிதாக இருப்பதால், உள்ளிருப்பதை ஓயாமல் கலக்கிக்கொண்டிருக்கும் பெரிய எஃகுத் தொட்டிகளே அதிகமாகக் காணப்படுகின்றன. அடைப்புக்கு அஞ்சுபவர்கள் எளிய தொட்டியையே விரும்புவது இயல்பு.

செரிகலம் நன்றாக ஓடினால் கிடைக்கும் பலன் சிறிதன்று. அகற்றப்படும் ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும் என்பது கோட்பாட்டு அளவு. நாளொன்றுக்கு 72,000 கிலோ சி.ஓ.டி. உள்ள கழிவில் 65 விழுக்காட்டை அகற்றும் மேற்கண்ட ஆலை 16,000 கன மீட்டருக்கு மேல் மீத்தேன் பெறும். வெப்ப அளவில் இது ஏறத்தாழ 30 டன் இந்திய நிலக்கரிக்கு ஈடு. கழிவுப்பாகிலும் நொதித்தலிலும் சேரும் சல்பேட்டை வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் ஹைட்ரஜன் சல்பைடாக்கிவிடுவதால், அழுகிய முட்டை நாற்றமுடைய அந்த நச்சு வாயுவை நீக்காமல் எரித்தால் இயந்திரங்கள் அரிக்கப்படும். சல்பைடை உண்டு கந்தகமாக்கும் பாக்டீரியாக்களைக் கொண்டே இந்த வாயுவைக் கழுவும் முறைகளும் நடைமுறையில் உள்ளன. சுத்திகரிப்புக்காக ஆலை முதலாளிகளைக் கட்டாயப்படுத்த வேண்டிய நாட்டில், காற்றில்லாச் செரிகலம் பெரிய வற்புறுத்தலின்றிப் பரவியதற்கு இந்த எரிவாயுவே காரணம். ஆற்றின் மேல் கொண்ட கருணை அன்று.

இனி செரிகலம் விட்டுவைக்கும் மிச்சத்துக்கு வர வேண்டும். செரிகலம் பி.ஓ.டி.யில் 90 விழுக்காட்டை அகற்றுகிறது என்று விளம்பர ஏடுகளும் ஆய்வறிக்கைகளும் கூறுவது மெய்யே. ஆனால் 50,000-இல் 90 விழுக்காடு போனால் எஞ்சுவது 5,000. சுத்திகரிக்கப்படாத நகரச் சாக்கடையைப் போல் அது பதினைந்து, இருபது மடங்கு. மேற்கண்ட ஆலையில் நாளொன்றுக்கு 3,600 கிலோ பி.ஓ.டி. இன்னும் நீரில் இருக்கும். 80,000 பேரின் சாக்கடை. கோடையில் நொடிக்கு 5 கன மீட்டர் நீர் ஓடும் ஓர் ஆற்றில் அதை விட்டால், லிட்டருக்கு 8 மில்லிகிராம் பி.ஓ.டி. கூடும். 30 பாகை வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய உயிர்வளியின் முழு அளவே லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். பி.ஓ.டி. செலவாகச் சில நாட்கள் ஆகும், அதற்குள் மேற்பரப்பிலிருந்து புதிய உயிர்வளி இறங்கும் என்பது உண்மையாயினும், மந்தமாக ஓடும் ஆற்றில் அந்த ஈடுகட்டல் போதுமானதாக இராது. விழுக்காட்டில் பேசும் பழக்கம் இந்தத் துறைக்குச் செய்த தீங்கு கொஞ்சமன்று.

பி.ஓ.டி.யின் மிச்சத்தையாவது அடுத்து வரும் காற்றூட்டுத் தொட்டிகள் குறைத்துவிடும். நிறத்தை அவையும் தொடுவதில்லை. சர்க்கரையும் அமினோ சேர்மங்களும் வெப்பத்தில் கூடி உண்டாக்கும் மெலனாய்டின் என்னும் பெரிய பழுப்பு மூலக்கூறுகளே வடிகழிவின் நிறத்துக்குக் காரணம். இவ்வினையை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையாரின் பெயரால் அது வழங்குகிறது. ரொட்டியின் மேல்தோலைச் சிவக்கவைப்பதும் இதே வினைதான். மெலனாய்டின் பாக்டீரியாக்களுக்கு உணவாவதில்லை, சிலவற்றுக்கு நஞ்சும்கூட. மரத்தை அழுகவைக்கும் வெண்பூஞ்சைகள் சில, ஆய்வுக்கூடக் குடுவையில் இந்நிறத்தைக் கணிசமாக நீக்குகின்றன. ஆயினும் அவை வேலை செய்யத் தனியே சர்க்கரை ஊட்ட வேண்டும், அமிலத்தன்மை காக்க வேண்டும், கழிவைப் பலமடங்கு நீர்க்கவைக்க வேண்டும். நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் வெளியேறும் இடத்தில் இவை யாவும் இயலாதவை. பல்லாண்டுகளாக ஆய்விதழ்களை நிரப்பிவரும் இந்தப் பூஞ்சைகள் ஆலை வாசலைத் தாண்டாததில் வியப்பில்லை.

நிறம் வெறும் கண்ணுக்குத் தோன்றும் குறை என்று எண்ணுவோர் கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்பு நிலங்களைப் பார்க்க வேண்டும். 125 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்தின் பேரிகள் எனப்படும் ஆழமற்ற மீன்பண்ணைக் குளங்களில், நகரத்தின் சாக்கடை நீர் இயந்திரமின்றித் தூய்மையாகிறது. வெயிலில் பாசிகள் வளர்கின்றன. அவை வெளிவிடும் உயிர்வளியைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் செரிக்கின்றன. பாசியை மீன் தின்கிறது. இதன் அறிவியலை எடுத்துரைத்து, அந்நிலம் கட்டடங்களுக்குப் பலியாகாமல் காக்கப் பாடுபட்ட பொறியாளர் துருபஜோதி கோஷ் 2018-இல் மறைந்தார். இந்த ஏற்பாடு முழுவதும் வெயில் நீருக்குள் இறங்குவதை நம்பியிருப்பது. வடிகழிவு கலந்த நீரில் வெயில் சில அங்குலம்கூட இறங்காது, பாசி வளராது, உயிர்வளி உண்டாகாது. கொல்கத்தாவின் பெருமைக்குரிய முறையைச் சாராய ஆலைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று அவ்வப்போது எழும் யோசனைக்கு இதுவே விடை. சூர்ணியில் நீர் கறுக்கும்போது மீன் சாவதற்கும் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது: உயிர்வளியைத் தின்னும் பொருள் உள்ளே வரும் அதே வேளையில், அதை உற்பத்தி செய்யும் பாசிகளின் மேல் திரை விழுந்துவிடுகிறது.

இந்த மிச்சத்தை ஆற்றில் விடவே கூடாது என்ற முடிவுக்கு இந்தியா 2003-இல் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 தொழில்வகைகளுக்காக அவ்வாண்டு வெளியிட்ட உறுதிமொழி ஆவணத்தில், கழிவுப்பாகு வடிசாலைகள் 2005 இறுதிக்குள் நீர்நிலைகளில் ஒரு துளியும் விடாத நிலையை அடைய வேண்டுமென்று கூறப்பட்டது. நீரில் விடாதது எங்கோ போக வேண்டும். சர்க்கரை ஆலையில் சாறு வடிகட்டியபின் எஞ்சும் பிரஸ்மட் என்னும் ஆலைக் கசடின் மீது செரித்த கழிவைத் தெளித்துப் புரட்டி உரமாக்குவது ஒரு வழி. அதற்கு வறண்ட வானிலை வேண்டும் என்பதால், அவ்வழியை நம்பிய ஆலைகள் ஆண்டில் 270 நாட்கள் மட்டுமே ஓட அனுமதிக்கப்பட்டன. வங்காளத்தின் மழையை அறிந்தவர்களுக்கு இதன் நியாயம் விளங்கும். பயிருக்குப் பாய்ச்சுவது இன்னொரு வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செரித்த வடிகழிவை நீர் கலந்து கரும்புக்கும் நெல்லுக்கும் விட்டுப் பார்த்து, அதிலுள்ள பொட்டாசியம் நல்ல உரமாவதைக் காட்டினர். அதே நிலத்தில் ஆண்டுக்கு ஆண்டு அளவின்றிப் பாய்ச்சினால் மண்ணில் உப்பேறி, கிணற்று நீரும் பழுப்பாகும் என்பதை ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்கள் ஆய்வின் உதவியின்றியே கண்டுகொண்டன.

இப்போது மேலோங்கி நிற்பது மூன்றாவது வழி: வடிகழிவை அடுக்கடுக்கான ஆவிக்கலங்களில் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி, கரும்புச் சக்கையோடோ நிலக்கரியோடோ கொதிகலனில் எரிப்பது. இங்கு நுண்ணுயிர்களுக்கு வேலையே இல்லை என்று தோன்றும். ஆனால் சுண்டும்போது ஆவியாகிக் குளிர்ந்து வரும் நீரில் ஆவியாகும் அமிலங்கள் கலந்திருப்பதால், தெளிந்து தோன்றும் அந்த நீரையும் பழைய உயிரியல் தொட்டிகள் வழியே செலுத்தித்தான் ஆலை மீண்டும் பயன்படுத்த முடிகிறது. எரிந்த சாம்பலில் பொட்டாஷ் திரண்டு நிற்கிறது. பொட்டாஷ் உரம் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாட்டில் இது பொருட்படுத்தத் தக்கது என்று உணர்ந்த ஒன்றிய அரசு, 14.5 விழுக்காடு பொட்டாஷ் கொண்ட இச்சாம்பல் உரத்தை 2021-இல் மானியத் திட்டத்தில் சேர்த்தது. வயலிலிருந்து கரும்பு எடுத்துச் சென்ற பொட்டாசியம் வயலுக்கே திரும்ப வழி பிறந்திருக்கிறது. ஆற்றலும் முதலீடும் மிகுதியாகக் கேட்கும் வழி என்பதால் சிறிய ஆலைகளுக்கு அது எட்டாது.

பெஹாலாவின் நடுவே செல்லும் டயமண்ட் ஹார்பர் சாலையிலேயே தெற்கே போனால் நூர்பூர்ப் பகுதியில் தானியத்திலிருந்து சாராயம் எடுக்கும் வடிசாலை ஒன்று உள்ளது. கரும்பு குறைவாகவும் அரிசி மிகுதியாகவும் விளையும் மேற்கு வங்கத்தில் தானிய வடிசாலை பொருத்தமானதே. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் கொள்கைக்குப் பின் நாடெங்கும் அவ்வகை ஆலைகள் பெருகியுள்ளன. உடைந்த அரிசியிலோ மக்காச்சோளத்திலோ இருந்து வரும் வடிகழிவில் நிறம் குறைவு, உப்பு குறைவு, புரதம் அதிகம். திடப்பொருளைப் பிழிந்து உலர்த்தினால் கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகிறது. விற்கக்கூடிய பொருளை ஆற்றில் விட எந்த ஆலையும் விரும்பாது. ஆகவே கழிவுச் சிக்கலின் ஒரு பகுதி மூலப்பொருள் மாற்றத்தாலேயே தளர்ந்திருக்கிறது. உணவாகும் தானியத்தை எரிபொருளாக்கலாமா என்ற கேள்வி அதன் இடத்தில் எழுந்து நிற்கிறது; அது வேறொரு சொற்பொழிவுக்கு உரியது.

தர்ஷனாவின் ஆலையோ கழிவுப்பாகை நம்பியது. இந்திய வாரியத்தின் ஆணைக்கு உட்படாதது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்கு இந்தியா பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றும், வங்கதேசத்தின் 1997-ஆம் ஆண்டு விதிகள் 50 மில்லிகிராம் என்றும் வரம்பிட்டன. இரு வரம்புகளும் குழாயின் வாயில் அளக்கப்படுபவை. அக்குழாய் திறக்கும் ஆற்றில் அன்று எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதை இரண்டுமே கேட்பதில்லை. பத்மாவிலிருந்து பிரியும் இடம் மணலடைந்துவிட்டதால் மாத்தாபாங்காவில் குளிர்காலத்திலும் கோடையிலும் நீர் வற்றுகிறது. கரும்பு அரைவைப் பருவமும் அந்த மாதங்களிலேயே வருகிறது.